வீடியோவில் விழாத அரை அடி

பொங்கல் போட்டி ஒன்றில் அரையிறுதி முடிந்து எங்கள் பையன்கள் குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். தோற்ற டீமின் மாஸ்டர் என்னிடம் வந்து செல்போனை நீட்டினார். எங்கள் டீம் ஆடிய ஆட்டங்கள் பதினோரு வீடியோவாக அதில் இருந்தன.

"ரெண்டு வருசமா உங்க செயினைத்தானுங்கண்ணா பசங்களுக்குப் போட்டுக் காட்டறேன். நிக்கற இடம், பிடிக்கற பிடி எல்லாம் அப்படியே எடுத்தாச்சுங்க. ஆனா ஆட்டத்துல மட்டும் அறுந்து அறுந்து போகுது. நான் எதைப் பாக்காம விட்டுட்டேனுங்க?"

அவர் குரலில் பொறாமை இல்லை. தொழில் தெரிந்தவரின் தவிப்புதான் இருந்தது. டீக்கடை வாசலில் நின்றபடி என்னால் முழுப் பதில் சொல்ல முடியவில்லை. இருபத்து மூன்று வருடம் பையன்களுக்குக் கபடி சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் அவருக்கு நான் தரவேண்டிய பதில் இது.

நான் குமாரபாளையத்துக்காரன். காவிரிக்கு அக்கரையில் பவானி, இக்கரையில் நாங்கள். அங்கே ஜமக்காளம், இங்கே லுங்கியும் துண்டும். அப்பா தறி ஓட்டினார். பள்ளிக்கூடம் முடித்த கையோடு நானும் பட்டறைக்குப் போனேன். 1990இல் பெய்ஜிங் ஆசியப் போட்டியில் கபடியை முதன்முதலாகச் சேர்த்து, இந்தியா தங்கம் வாங்கியபோது எங்கள் தெருவில் அது பெரிய பேச்சாக இல்லை. 1994இல் ஹிரோஷிமாவில் தங்கம் வென்ற அணியில் மணத்தி கணேசன் இருந்தார். தூத்துக்குடி மாவட்டத்துக் கிராமத்திலிருந்து ஒருவர் ஜப்பான் போய்ப் பதக்கம் வாங்கினார் என்று தெரிந்த பிறகுதான், ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆடிக்கொண்டிருந்த நாங்கள் தினமும் இறங்க ஆரம்பித்தோம். நான் வலது கவர். முழங்கால் போகும்வரை ஆடினேன். போன பிறகு விசிலை எடுத்துக்கொண்டேன்.

செயின் என்று நாங்கள் சொல்வதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஆண்கள் மைதானம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். நம் பாதிக்கு ஆறரை மீட்டர். நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் பாக் லைன், அதற்கு ஒரு மீட்டர் பின்னால் போனஸ் கோடு. பாடி வருகிறவருக்கு 30 விநாடி. இதற்குள் ஏழு பேரை இரண்டு, மூன்று, இரண்டாகக் கைகோத்து நிறுத்துகிறோம். இடது கார்னரும் அவருக்குப் பக்கத்தில் நிற்கும் 'இன்' ஆட்டக்காரரும் ஒரு ஜோடி. வலது பக்கத்திலும் அதேபோல் ஒரு ஜோடி. நடுவில் இரண்டு கவரும் சென்டரும்.

ரைடர் வலது கைக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் தன் வலப்பக்கம், அதாவது நம்முடைய இடது மூலைக்குத்தான் சாய்வார். நம் இடது கார்னர் பாய்ந்து பிடிக்கக் கூடாது. பின்கோட்டை ஒட்டி ஒதுங்கி, இன்னும் ஒரு எட்டு வா என்று இடம் விட வேண்டும். ரைடர் போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் நீட்டுகிறார். அந்த நேரத்தில் நம் வலப்பக்கத்து ஆட்கள் பிறைபோல வளைந்து அவர் திரும்பிப் போகும் வழியைச் சுருக்குகிறார்கள். முன்காலில் இருந்த பாரம் பின்காலுக்கு மாறும் நொடியில் கார்னர் தொடையிலோ கணுக்காலிலோ விழுகிறார். ஒரு மூச்சு பிந்தி, கவர் வந்து நெஞ்சோடு மோதுகிறார். மற்றவர்கள் மூடிவிடுகிறார்கள்.

அந்த ஒரு மூச்சில்தான் எல்லாம் இருக்கிறது. கவர் முந்திவிட்டால் ரைடர் அவரைத் தொட்டுவிட்டு வந்த வழியே போய்விடுவார். பிந்திவிட்டால் கார்னரை இழுத்துக்கொண்டே போய் நடுக்கோட்டில் விரலை வைத்துவிடுவார். பிடிக்கப்போய் உடம்பில் பட்ட அத்தனை பேரும் வெளியே. பிடி பலித்தால் நமக்கு ஒரு பாயிண்ட். செயின் அறுந்தால் எதிரிக்கு மூன்று, நான்கு. தனியாகப் பிடிக்கப் போனவன் தோற்றால் அவன் ஒருத்தன் போவான். அரைகுறைச் செயின் பாதி டீமையே கூட்டிக்கொண்டு போய்விடும். காப்பி அடிக்க நினைக்கிற மாஸ்டர்கள் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

அந்த மாஸ்டர் காட்டிய பதினோரு வீடியோவையும் பிறகு வாங்கி வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். நிற்கும் இடம் இருந்தது, பிடி இருந்தது, மோதல் இருந்தது. என் வலது கவர் செய்கிற ஒரு வேலை மட்டும் எந்த வீடியோவிலும் இல்லை. ரைடர் இடது மூலையில் கண்ணை வைத்திருக்கும்போது அவன் நடுக்கோட்டுப் பக்கமாக அரை அடி ஏறுவான். காலைத் தூக்க மாட்டான். பாதத்தை மண்ணில் தேய்த்தே நகர்வான். ரைடர் திரும்பிப் பார்த்தால் பழைய இடத்திலேயே நிற்பதுபோல் தெரியும். அந்த அரை அடி ஏறாவிட்டால் மோதல் எப்போதும் பிந்தித்தான் வரும். வீடியோ எடுத்தவர்கள் எல்லோரும் ரைடரின் பின்னாலேயே போனை நகர்த்தியிருந்தார்கள். பார்க்கிறவர் கண்ணும் அங்கேதான் போகும். அதனால்தான் அந்த அரை அடி யாருக்கும் தெரியாமல் போயிற்று.

சரி, அதைச் சொல்லிக்கொடுத்துவிட்டால் போதுமா? எப்போது ஏறுவது என்று அவனுக்கு யார் சொல்வது? அங்கேதான் எங்கள் ஊர் வருகிறது.

விசைத்தறிப் பட்டறைக்குள் போனவர்களுக்குத் தெரியும். இருபது தறி ஒன்றாக ஓடினால் பக்கத்தில் நிற்கிறவர் கத்தினாலும் காதில் விழாது. ஊடை தீர்ந்துவிட்டது என்பதையும், பாவு அறுந்துவிட்டது, அந்தத் தறியை நிறுத்து என்பதையும் கையாலும் கண்ணாலும்தான் சொல்லிக்கொள்வோம். என் பையன்களில் முக்கால்வாசிப் பேர் அந்தச் சத்தத்தில் வளர்ந்தவர்கள். அம்மா தறியில் நிற்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினவர்கள். அம்மாவின் புருவத்தைப் பார்த்தே ஊடைத் தார் எடுத்துவர வேண்டும் என்று எழுந்து ஓடுவார்கள்.

இவர்களைச் செயினில் நிறுத்தியபோது ஒரு சங்கதியைக் கவனித்தேன். இவர்கள் கத்துவதில்லை. கோத்த கையில் பேசிக்கொள்கிறார்கள். இன் ஆட்டக்காரன் ரைடரின் இடுப்பைப் பார்த்துக்கொண்டே நிற்பான். கார்னரின் உள்ளங்கையில் கட்டை விரலால் ஒரு அழுத்து அழுத்தினால், பொறு. இரண்டு அழுத்தினால், இறங்கு. கையை விட்டுவிட்டால், நான் போகிறேன், நீ பின்னால் வா. இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அவர்களாகவே கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். ஒரு நாள் கார்னர் பையனிடம், "எப்படிடா தம்பி அவ்வளவு கரெக்டா இறங்கினே?" என்று கேட்டேன். "அவன் கை சொல்லுச்சுங்க மாஸ்டர்" என்றான். அன்றிலிருந்துதான் நான் அதைப் பயிற்சியாக்கினேன். எதிர்ப்பக்கத்து வலது கவர் இந்த ஜோடியின் தோளைப் பார்ப்பான். கார்னரின் தோள் கொஞ்சம் இறங்கினால் இவன் அரை அடி ஏற வேண்டும்.

மைக் செட் அலறும், விசில் ஊதும், நாலு பக்கமும் கூட்டம் கூச்சல் போடும் போட்டியில் மற்ற டீம்கள் "பிடி, பிடி" என்று கத்திக்கொண்டிருக்கும். ரைடரும் அதைக் கேட்டுத் தப்பித்துக்கொள்வார். எங்கள் செயின் சத்தம் போடாது. இதை எந்த வீடியோவிலிருந்து எடுப்பது?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஏழு பேர் நிற்கும் செயினைத்தான் எல்லோரும் படம் பிடிக்கிறார்கள். ஆனால் ஆட்டத்தில் ஏழு பேரும் உள்ளே நிற்கும் நேரம் குறைவு. கார்னர் வெளியே போனால் அந்த மூலைக்கு யார் நகர்வது? ஐந்து பேர் இருக்கும்போது சென்டரை எங்கே வைப்பது? மூன்று பேர் மட்டும் இருந்து பிடித்தால் சூப்பர் டேக்கிள், ஒரு பாயிண்ட் அதிகம். அதற்காக எப்போது துணிவது? ஏழுக்கு ஒரு கட்டு, ஆறுக்கு ஒரு கட்டு, ஐந்துக்கு ஒன்று, நாலுக்கு ஒன்று என்று என் நோட்டில் தனித்தனியாக இருக்கிறது. யார் வெளியே, யார் உள்ளே என்பதைப் பொறுத்து அவை இன்னும் கிளை பிரியும். முதல் பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனவர்கள், ஒரு ஆள் அவுட் ஆனதும் யார் எங்கே நிற்பது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள்.

நானே காப்பி அடித்துக் கெட்ட கதையும் உண்டு. 2014இல் புரோ கபடி லீக் வந்தது. எங்களுக்கு அது பெரிய பள்ளிக்கூடம். 2015இல் யு மும்பா கோப்பையை வென்றபோது அதன் கார்னர்கள் மோஹித் சில்லரும் சுரேந்தர் நாடாவும் ஆடியதைப் பார்த்து எனக்குக் கிறுக்கே பிடித்துவிட்டது. மறுநாளே நோட்டில் படம் வரைந்தேன். மூன்று மாதம் பையன்களை அதே மாதிரி ஆட வைத்தேன். அப்போது என் இடது கார்னர் குள்ளமான பையன். சைசிங் மில்லில் பாவு உருளை தூக்கிப் பழகிய தோள். தொடையைக் கட்டினால் எந்த ரைடரும் அசைய முடியாது. அவனைப் போய்க் கணுக்காலுக்குப் பாயச் சொன்னேன்.

அந்த வருடத் தைப் போட்டியில் ஒரே ரைடில் எங்கள் ஆட்கள் நாலு பேர் வெளியே போனார்கள். இடைவேளையில் அந்தப் பையன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "நான் பிடிக்கலீங்க மாஸ்டர். டிவியில அவரு பிடிச்ச மாதிரி செஞ்சு பாத்தேனுங்க." பத்து வருடம் ஆகிவிட்டது. அந்த வாக்கியம் இன்னும் என் நெஞ்சில் நிற்கிறது. தப்பு அவனுடையதல்ல, என்னுடையது. அவன் உடம்புக்குத் தைத்திருந்த சட்டையைக் கழற்றிவிட்டு, வேறு ஒருவர் சட்டையை மாட்டிவிட்டிருந்தேன். இரண்டாம் பாதியில் "உன் பிடியையே போடு கண்ணு" என்றேன். ஆட்டம் தோற்றோம், ஆனால் அவன் மூன்று பேரைப் பிடித்தான்.

பிறகுதான் மும்பாவின் அந்த இரண்டு பேரைப் பற்றி வேறு ஒன்று கண்ணில் பட்டது. மும்பாவை விட்ட பிறகு அவர்கள் 2016இல் பெங்களூருவுக்கும் 2017இல் ஹரியானாவுக்கும் ஜோடியாகவே போனார்கள். வாங்கினவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. ஒரு கார்னர் மட்டும் போனால் பாதிச் சரக்குதான் வந்து சேரும்.

கோடிக்கணக்கில் பணம் புரளும் லீக்கிலேயே இந்தப் பாடம் திரும்பத் திரும்ப வருகிறது. எட்டாவது சீசனில் பாட்னா பைரேட்ஸ் டிஃபென்ஸைப் போல ஒன்றை நான் பார்த்ததில்லை. ஈரானின் முகமத்ரெசா ஷாட்லூ இடது கார்னர், நீரஜ் குமார் கவர், கோச் ராம் மெஹர் சிங். 2022 பிப்ரவரியில் நடந்த இறுதி ஆட்டத்தில் டெல்லியிடம் 36–37 என்று ஒரே ஒரு பாயிண்டில் தோற்றார்கள். அடுத்த சீசனில் ராம் மெஹர் குஜராத்துக்குப் போனார். ஷாட்லூவும் நீரஜும் பாட்னாவிலேயே இருந்தார்கள். திட்டம் தெரிந்த கோச் ஒரு பக்கம், அதை ஆடிய கைகள் இன்னொரு பக்கம். அந்த வருடம் குஜராத்தும் முதல் ஆறு இடத்துக்குள் வரவில்லை, பாட்னாவும் வரவில்லை.

நம் தமிழ் தலைவாஸ் கதை இதைவிட நெருக்கமானது. 2022இல் 2.26 கோடி ரூபாய்க்கு எடுத்த பவன் செஹ்ராவத் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் அடிபட்டு வெளியே போனார். டீம் முடிந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். சாகர் ராட்டியும் சாஹில் குலியாவும் இரண்டு மூலையிலும் நின்றார்கள், கோச் அஷன் குமார் இளைஞர்களை வைத்துக் கட்டினார், தலைவாஸ் முதன்முறையாக அரையிறுதிக்குப் போனது. அடுத்த சீசனிலும் அதே கோச், பெரும்பாலும் அதே ஆட்கள். ஆனால் முதல் ஆறு இடத்துக்குள் வர முடியவில்லை. அதற்குள் எதிரிகள் அவர்களைப் படித்துவிட்டார்கள் என்பது என் கணிப்பு. தன்னுடைய ஆட்டத்தைத் தானே காப்பி அடிப்பதும் கடினம்தான்.

எங்களிடம் ஆடிய பையன் ஒருத்தன் இப்போது அமெரிக்காவில் வேலை பார்க்கிறான். அங்கே புட்பால் என்பது கையில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் ஆட்டம். ஓடுகிறவருக்கு முன்னால் ஐந்து பேர் வரிசையாக நின்று எதிரிகளைத் தள்ளி வழி திறக்க வேண்டும். டென்வர் அணியின் கதையை அவன்தான் போனில் சொன்னான். மைக் ஷனஹன் தலைமைக் கோச், வரிசைக்கு மட்டும் தனிக் கோச்சாக அலெக்ஸ் கிப்ஸ். அந்த ஐந்து பேரும் எதிரே நிற்கும் ஆளைக் குறிவைக்காமல் ஒரே பக்கமாகச் சேர்ந்து நகர்ந்து, தங்கள் பாதையில் வருகிறவரைத் தள்ளுவார்கள். ஆறாவது சுற்றில் எடுக்கப்பட்ட டெரல் டேவிஸ் அந்த வரிசைக்குப் பின்னால் 1998இல் 2,008 கெஜம் ஓடினார். அவர் காயப்பட்ட பிறகு 1999இல் ஒலாண்டிஸ் கேரி, 2000இல் மைக் ஆண்டர்சன் என்று பெயர் தெரியாதிருந்த ஆட்கள் வந்தார்கள், ஆளுக்கு ஆயிரம் கெஜத்துக்கு மேல் ஓடினார்கள். "ஓடறவன் மாறினான் மாஸ்டர், அந்த அஞ்சு பேர் ஒண்ணா எடுத்து வைக்கற கால் மாறல" என்றான். வலது கவராக இருந்தவன் அவன். யாரும் பார்க்காத இடத்தில் என்ன நடக்கிறது என்று அவனுக்குத் தெரியும்.

அப்படியென்றால் யாரும் யாரிடமும் கற்றுக்கொள்ளவே முடியாதா? முடியும். ஈரான் கற்றுக்கொண்டது. 2018 ஆகஸ்டில் ஜகார்த்தாவில் ஈரான் நம்மை 27–18 என்று அரையிறுதியில் தோற்கடித்தது. 1990இலிருந்து ஏழு தடவை தொடர்ந்து தங்கம் வாங்கிய ஆண்கள் அணி முதன்முறையாகத் தங்கம் இல்லாமல் திரும்பியது. அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால் அது நியாயமான வெற்றி. ஃபசல் அத்ராச்சலி 2015லேயே மும்பா டீமில் இருந்தவர். 2017இல் அவரும் அபோசர் மிகானியும் குஜராத்துக்கு இரண்டு மூலையிலும் சேர்ந்து நின்றார்கள். அதே ஜோடிதான் ஜகார்த்தாவிலும் நின்றது. அவர்கள் ஊரில் மல்யுத்தம் ரத்தத்தில் ஊறியது. நம் பிடிகளைப் பார்த்தார்கள், நம் ரைடர்களோடு வருடக்கணக்கில் ஆடினார்கள், கடைசியில் தங்கள் மல்யுத்தக்காரர் உடம்புக்குப் பொருந்தும் பிடியை உருவாக்கிக்கொண்டார்கள். நம்முடைய செயினை அவர்கள் எடுத்துக்கொண்டு போகவில்லை. இங்கே கற்ற பாடத்தை வைத்துத் தங்கள் செயினைப் பின்னினார்கள்.

எங்கள் தொழிலிலும் இதே கதைதான். வியாபாரி ஒரு துண்டுத் துணியைக் கொண்டுவந்து இதே மாதிரி வேண்டும் என்பார். கண்ணாடி வைத்துப் பாவும் ஊடையும் எத்தனை இழை என்று எண்ணிவிடலாம். நூல் நம்பர், சாயம் எல்லாம் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் கஞ்சி எவ்வளவு ஏறியது, பாவை எவ்வளவு விறைப்பாக இழுத்துக் கட்டினார்கள் என்பதெல்லாம் அந்தத் துண்டில் எழுதியிருக்காது. ஓட்டி ஓட்டித்தான் கைக்கு வரும்.

நாங்களே மண்ணை விட்டு 'மேட்' விரிப்பில் ஆடப் போனபோது எங்கள் அரை அடி செத்துப்போனது. ஷூ போட்ட காலை அந்த விரிப்பில் தேய்த்தால் ரப்பர் கீச்சென்று கத்தி ரைடருக்குக் காட்டிக்கொடுத்துவிடும். குதிகாலை நூலளவு தூக்கி வைக்கும் வேறு ஒரு நடையைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒன்றரை வருடம் ஆனது.

ஆகவே அந்த மாஸ்டருக்கும், அவரைப்போல நல்ல மனதோடு கேட்கும் மற்றவர்களுக்கும் நான் சொல்வது இது. வீடியோ பாருங்கள், தப்பில்லை. ஆனால் ரைடரை விட்டுவிட்டு, அவர் பார்க்காத பக்கம் நிற்கிறவனின் காலைப் பாருங்கள். பிறகு போனை உள்ளே வைத்துவிட்டு உங்கள் பையன்களைப் பாருங்கள். அவர்கள் எந்த வேலை செய்கிறார்கள், எதைத் தூக்கிப் பழகினார்கள், ஒருவனை ஒருவன் எப்படிக் கூப்பிடுகிறான் என்று கவனியுங்கள். ஒரு கார்னரையும் ஒரு இன் ஆட்டக்காரனையும் ஜோடி சேர்த்து விடுங்கள். ஒரு போட்டியில் தோற்றதற்காக அந்த ஜோடியைப் பிரிக்காதீர்கள். நாலு பேர் வெளியே போகும் நாட்கள் வரும். கமிட்டிக்காரர்கள் கத்துவார்கள். அந்த நாட்களில் பையன்களுக்கு முன்னால் நீங்கள் நிற்க வேண்டும். அப்போதுதான் அடுத்த ரைடில் கவர் பயப்படாமல் ஏறுவான்.

எங்கள் இடது கார்னரும் பக்கத்து இன் பையனும் கைகோத்து நிற்க ஆரம்பித்து இந்தத் தையோடு ஆறு வருடம் ஆகிறது.